"சீரியஸ்" என்று சொல்லாத வீடு

அரியலூரில் ஒரு பள்ளிக்கூட ஹால். தகரக் கூரை. மேலே மூன்று ஃபேன். அதில் ஒன்றுதான் சுற்றியது, அதுவும் நடுவர்கள் தலைக்கு நேராக. மேடையில் எதிரெதிரே இரண்டு மேஜை. இந்தப் பக்கம் பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி வந்த நாங்கள் நாலு பெண்கள். அந்தப் பக்கம் ஜெயங்கொண்டத்துப் பிள்ளைகள் நாலு பேர், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு.

நடுவர் கேள்வியை வாசித்தார். ஒருவர் தன் கொல்லையில் ஆழமாக போர்வெல் போட்டால் பக்கத்துக் கொல்லைக்காரரின் கிணறு வற்றிவிடும் என்று தெரிகிறது. அவர் போர் போடலாமா, கூடாதா?

நான் எழுந்தேன். "பக்கத்துக் கொல்லைக்காரரைக் கேக்காம போடக் கூடாதுங்க" என்று ஆரம்பித்து, காரணங்களை அடுக்கிவிட்டு உட்கார்ந்தேன். இனி அவர்கள் முறை.

ஜெயங்கொண்டத்துப் பெண் ஒருத்தி எழுந்து கும்பிட்டாள். "அவங்க சொன்னது ரொம்ப சரிங்க. நாங்களும் அதத்தான் நினைச்சோம்." உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் அணியில் ஒருத்தி எழுந்தாள். "எங்க கருத்த ஏத்துக்கிட்டதுக்கு நன்றிங்க. உங்க பெருந்தன்மைய நாங்க மதிக்கிறோம்."

"எங்க பெருந்தன்மை என்னங்க பெருசு, உங்களுதுதான் பெருசு."

"ஐயையோ, அப்படியெல்லாம் இல்லீங்க!"

அதற்கப்புறம் இரண்டு பக்கமும் பேச ஒன்றும் இல்லை. கால் மணி நேரம் கொடுத்திருந்தார்கள். டீ ஆறுகிற நேரத்தில் எங்கள் சரக்கு தீர்ந்துவிட்டது. ஃபேன் மட்டும் கிரீச் கிரீச் என்று தன் கருத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

நடுவர்களில் ஒரு வக்கீலம்மா இருந்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஏம்மா, இது என்ன நிச்சயதார்த்தமா? தாம்பூலம் மாத்திக்கிட்டுப் போகவா பஸ் புடிச்சு வந்தீங்க?" என்றார்.

எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

கப்பு உண்டு, தீர்ப்பு இல்லை

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்தக் காது ஏன் சுட்டது என்று புரியாது.

வாலிகண்டபுரம் தேன்மொழி என்றால் அந்த நாளில் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் தெரியாதவர்கள் இல்லை. பட்டிமன்றம். கணவன் பெரிதா மனைவி பெரிதா, படிப்பா பணமா, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கொடுங்கள், எதிரணியைத் துவைத்துக் காயப்போட்டுவிடுவேன். பரிசாக வந்த எவர்சில்வர் டபராவும் சோப்பு டப்பாவும் எங்கள் வீட்டு அலமாரியில் இடம் போதாமல் பரண் ஏறின. "வாயி இல்லன்னா இவள நாயி தூக்கிட்டுப் போயிடும்" என்பார் எங்கப்பா. அதில் பெருமைதான் அதிகம்.

தொண்ணூறுகளின் கடைசி. நான் பிளஸ் ஒன். பெரம்பலூர் மாவட்டம் புதுசு. ஆளாளுக்கு மாவட்ட அளவில் ஒரு போட்டி வைத்துக்கொண்டிருந்த காலம். அப்போதுதான் இந்த விநோதப் போட்டி வந்தது. கலந்து பேசுகிற போட்டியாம். நியாயம் எது என்று சட்டென்று சொல்ல முடியாத ஒரு கதையைக் கொடுப்பார்கள். இரண்டு அணியும் சேர்ந்து யோசிக்க வேண்டும். ஒட்டியும் கிடையாது, வெட்டியும் கிடையாது. அடுத்தவர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாய், உன் யோசனை எங்கே மாறியது, அதற்குத்தான் மார்க்.

எங்கள் தமிழம்மா விதிமுறைத் தாளைப் படித்துப் பார்த்தார். "கடைசியில தீர்ப்பு யாரு சொல்றது?" என்று கேட்டார். தீர்ப்பே கிடையாது என்றதும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "தீர்ப்பு இல்லாத வழக்குக்கு நான் ஆள் அனுப்ப மாட்டேன்."

அப்படித்தான் எங்களைப் பழக்குகிற வேலை விளையாட்டு டீச்சர் வசந்தாவிடம் போய்ச் சேர்ந்தது.

முதுகில் தட்டினால் பேசு

போர்வெல் கதையில் கப்பு போய்விட்டது என்றுதான் நினைத்தோம். அன்றைக்கு வந்த எல்லா அணிகளுமே மாற்றி மாற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதிலும் நாங்கள் கொஞ்சம் குறைவாகக் கும்பிட்டோம் போலிருக்கிறது. எப்படியோ அடுத்த சுற்றுக்கு வந்துவிட்டோம்.

வசந்தா டீச்சர் மறுநாளே எங்களை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். வரிசையாக உட்கார வைத்தார். கோகோ ஆடுகிற மாதிரி.

கோகோ ஆடினவர்களுக்குத் தெரியும். ஓடுகிறவள் ஒரு கட்டத்தில் உட்கார்ந்திருப்பவளின் முதுகில் தட்டி "கோ" என்பாள். தட்டினவள் அந்த இடத்தில் உட்கார வேண்டும், தட்டு வாங்கினவள் எழுந்து ஓட வேண்டும். தட்டாமல் எழுந்தால் ஃபவுல்.

"பேச்சும் அதேதான்" என்றார் டீச்சர், விசிலைக் கடித்துக்கொண்டே. "ஒருத்தியே ஓடிக்கிட்டிருந்தா மூச்சு வாங்கும். அவளுக்கு எட்டாத இடம் வரும்ல, அங்க அடுத்தவ முதுகத் தட்டணும். தட்டு வாங்குனவ முதல்லேர்ந்து ஓடக் கூடாது. விட்ட எடத்துலேர்ந்து ஓடணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மேடை ஏறினால் இறங்கத் தெரியாத ஆள். ஒரு வாக்கியம் கூடினால் விசில். சபாஷ் என்று கை தட்டுவார்கள் என எதிர்பார்க்கிற இடத்தில் விசில். ஒருநாள் கோபத்தில் "டீச்சர், நான் என்ன ரயிலா?" என்று கேட்டேன். "ரயிலா இருந்தா அரியலூர்ல ஒரு நிமிஷமாச்சும் நிப்பியே" என்றார்.

இந்த விளையாட்டில் பிரமாதமாக ஆடியவள் சபுரா.

லப்பைக்குடிகாட்டுப் பெண். எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சு, அதிகம் வாய் திறக்க மாட்டாள். திறந்தால் கேள்விதான் வரும். அதுவும் நறுக்கென்று. நான் ஐந்து நிமிடம் கட்டின கோட்டையை, "அப்ப அந்தாளோட பொண்டாட்டி என்ன நினைப்பா தேனு?" என்று ஒரு வரி கேட்டு ஆட்டி வைப்பாள். ஆரம்பத்தில் எனக்கு அவள்மேல் எரிச்சல். அப்புறம் என்னவோ, அவள் என்ன கேட்பாள் என்று காத்திருக்க ஆரம்பித்தேன்.

பஸ்ஸில் சொன்னது

சாயங்காலம் இருவருக்கும் ஒரே பஸ். நான் வாலிகண்டபுரத்தில் இறங்கிவிடுவேன். அவள் இன்னும் போக வேண்டும்.

அடுத்த சுற்றிலும் ஜெயித்துவிட்டோம். இறுதிச் சுற்றுக்குக் கதைகளை முன்னாடியே கொடுத்துவிட்டார்கள். அதில் ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்களாம். தாளை வாங்கிப் படித்ததிலிருந்து சபுரா ஒரு மாதிரியாக இருந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேப்பமரங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"மூணாவது கதை வரக் கூடாதுன்னு துஆ பண்ணிக்க தேனு" என்றாள்.

மூன்றாவது கதை இதுதான். ஒருவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். நினைத்தபோது வர முடியாது. ஊரில் அவர் மனைவிக்கு உடம்பு முடியவில்லை. அவரிடம் சொல்வதா, மறைப்பதா?

"ஏன்டி? ரொம்ப சுலபமான கதையாச்சே."

"அது எங்க வூட்டுக் கதை" என்றாள்.

அவளுடைய அத்தா சவூதியில். அப்பாவை அவர்கள் அத்தா என்பார்கள். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. திருச்சியில் காட்டியதில் ஆபரேஷன் செய்து எடுத்தே ஆக வேண்டும், எடுத்துப் பார்த்தால்தான் அது எப்படிப்பட்ட கட்டி என்று தெரியும் என்று சொல்லிவிட்டார்கள். இறுதிச் சுற்று முடிந்து சில நாளில் ஆபரேஷன். அம்மா கறாராகச் சொல்லிவிட்டார், அத்தா காதுக்குப் போகக் கூடாது. வெள்ளிக்கிழமைதான் அங்கே லீவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரில் இருக்கிற போன் பூத்துக்கு அத்தா கூப்பிடுவார். அம்மாவால் குரலை அடக்கிப் பேச முடியவில்லை என்று சபுராவைப் பேச விடுவார்களாம்.

"எல்லாரும் நல்லா இருக்கோம் அத்தான்னு சொல்றேன். ஒவ்வொரு வாரமும். அவங்க 'அல்ஹம்துலில்லாஹ்'னு சொல்றாங்க. அதக் கேட்டதும் போன வச்சிடறேன்."

"சொல்லிட வேண்டியதுதானே?"

"அம்மா அழுவுறாங்க. சொன்னா அத்தா வேற மாதிரி எடுத்துக்குவாங்களாம்."

வேற மாதிரி என்றால் என்ன மாதிரி என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

மாலையோடு வந்த மாமா

மற்றவர்களுக்காக விளக்குகிறேன். கொஞ்சம் பழைய கதை.

எங்கள் ஊரில் யாராவது இறந்துபோனால், வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு "இறந்துட்டார்" என்று செய்தி போகாது. "சீரியஸ், உடனே புறப்பட்டு வா" என்றுதான் போகும். பாவம், வழியில் இடிந்துபோய்விடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் செய்தி வாங்குகிறவனும் இதே ஊரில் பிறந்தவன்தானே? சீரியஸ் என்றால் முடிந்தது என்று அவனுக்கும் தெரியும். அவனுக்குத் தெரியும் என்று அனுப்புகிறவனுக்கும் தெரியும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

திருப்பூரில் வேலை பார்த்த என் மாமாவுக்கு ஒருமுறை "அப்பா சீரியஸ்" என்று செய்தி போனது. மனுஷன் பஸ் முழுக்க அழுதுகொண்டே வந்திருக்கிறார். பெரம்பலூரில் இறங்கியதும் ஒரு பெரிய ரோஜா மாலை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, தெருமுனையிலேயே "என்னப் பெத்த ராசா" என்று ஓலம் எடுத்தபடி வீட்டுக்குள் வந்தார்.

உள்ளே தாத்தா கட்டிலில் சாய்ந்துகொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நெஞ்சுவலி வந்தது உண்மை, சீரியஸ் என்பதும் உண்மை. டாக்டர் ஊசி போட்டதில் பிழைத்துக்கொண்டார். மாலையையும் மகனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யாருக்குடா மாலை?" என்று கேட்டார்.

மாமா அசரவில்லை. "சாமி படத்துக்குப்பா" என்றார்.

நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். சபுராவின் அம்மாவுக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று எனக்கு அன்றைக்கு பஸ்ஸில்தான் உறைத்தது.

சீட்டு விழுந்தது

இறுதிச் சுற்று பெரம்பலூரில், ஒரு கல்யாண மண்டபத்தில். அரியலூர்ப் பையன்கள் எதிரணி. கூட்டம் என்று பார்த்தால் அணிப்பிள்ளைகளின் வீட்டார்தான். கடைசி வரிசையில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு ஒரு அம்மா. மகள் ஃபைனலுக்கு வந்துவிட்டாள் என்று பஸ் ஏறி வந்திருந்தார். சபுராவின் அம்மா.

சீட்டை எடுத்தது அதே வக்கீலம்மாதான். பிரித்தார். "மூன்றாவது கதை" என்றார்.

சபுரா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. சீட்டின்மேல் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

முதலில் நாங்கள் பேச வேண்டும். நான் எழுந்தேன். சொல்ல வேண்டும் என்பது எங்கள் முடிவு. அவருடைய குடும்பம், அவருக்குத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு, குழந்தையிடம் மறைக்கிற மாதிரி பெரிய மனுஷனிடம் மறைப்பது அவரைச் சின்னவராக்குகிறது என்று பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். அடுத்து சபுராவுக்குத் தட்ட வேண்டும், அப்படித்தான் பழகியிருந்தோம். நான் தட்டவில்லை. அவள் அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது அவளை எழுப்பிவிட எனக்கு மனசு வரவில்லை. பேசிக்கொண்டே போனேன். வசந்தா டீச்சர் பின்னாலிருந்து முதுகைத் தட்டுவதுபோல் சைகை காட்டிக் காட்டிக் களைத்துப்போனார்.

அப்போது சபுரா தானாகவே எழுந்தாள். ஃபவுல்!

"எங்க அணி சொன்னதுல எனக்கே ஒரு சந்தேகங்க" என்றாள். "சொல்றதுதான் நியாயம். ஒத்துக்கறேன். ஆனா சொன்னா அவரு நம்பணுமே? காய்ச்சல்னு சொன்னா ஆபத்துன்னு எடுத்துக்குவாரு. ஆபரேஷன்னு சொன்னா ஆளே போயாச்சுன்னு எடுத்துக்குவாரு. நாமதான அப்படிப் பழக்கி வச்சிருக்கோம்? ஒருத்தர் மவுத்தாகி, உசுரே போனப்பகூட சீரியஸ்னுதான சொல்றோம்? அப்ப நெசமாவே சீரியஸா இருந்தா எந்த வார்த்தையச் சொல்றது? அந்த வீட்டுல உண்மையச் சொல்லணும்னாகூட சொல்ல முடியல. வார்த்தை இல்லாம போச்சு."

நான் உட்கார்ந்துவிட்டேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்தப் பெண் இதை எப்போது யோசித்தாள் என்றுதான் தோன்றியது.

எதிரணியில் செல்வம் என்று ஒரு பையன். கால்சட்டைக்கு வயசு தாண்டி வேட்டி கட்டப் பழகாத வயது. எழுந்தவன் ஏற்ற இறக்கமெல்லாம் இல்லாமல் வீட்டில் பேசுவதுபோலப் பேசினான்.

"அவங்க சொல்றது புலி வருது கதை மாதிரிதாங்க. எங்கப்பா சுண்ணாம்புக்கல் மைன்ஸ்ல வெடி வைக்கிற வேலை. அங்க யாருக்காச்சும் ஆயிப்போச்சுன்னா வீட்டுக்கு வந்து 'லேசா அடி, வாங்க'ன்னுதான் கூப்புடுவாங்க. லேசான்னு கேட்டாலே எங்க தெருவுல பொம்பளைங்க மாருல அடிச்சுக்குவாங்க. ஒருநாள் எங்கம்மா நேரா மைன்ஸுக்கே போயிட்டாங்க. கூட வேலை செய்யறவங்களக் கூப்ட்டு, 'எங்க வூட்டுக்கு வந்தா லேசான்னு சொல்லாதீங்க. கை போச்சுன்னா கை போச்சு. ஆள் போயிட்டார்னா போயிட்டார். நான் தாங்கிக்கறேன்'னு சொல்லிட்டு வந்தாங்க. அப்புறம் ஒருதடவை அப்பாவுக்குக் கால்ல கல்லு விழுந்துச்சு. வந்து சொன்னவரு, 'கால் எலும்பு முறிஞ்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல'ன்னாரு. எங்கம்மா நம்பிட்டாங்க. அடுப்ப அணைச்சிட்டு, ஃபிளாஸ்க்ல காபி ஊத்திக்கிட்டுப் போனாங்க."

எங்கள் மேஜையைப் பார்த்து முடித்தான். "அதனால, என்ன ஆச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடியே, எப்படிச் சொல்லணும்னு பேசி வச்சுக்கணும்ங்க. அந்த வெளிநாட்டுக்காரர்கிட்ட இதுவரைக்கும் யாருமே கேக்கலையே?"

சபுரா அவனையே பார்த்தாள். "கேக்கல" என்றாள். கதையில் வருகிறவருக்காகப் பதில் சொல்கிற குரல் அது இல்லை.

"அந்த அம்மா இப்ப பேச முடியற நிலைமைலதான இருக்காங்க? அவங்களே பேசினா நம்புவாருல்ல?" என்று கேட்டான் செல்வம்.

"நம்புவாங்க" என்றாள் சபுரா. "ஆனா கேட்டுட்டு அங்க தனியா கெடந்து அழுவாங்களே?"

இந்த இடத்தில் எங்கள் அணியின் இன்னொரு பெண் எழுந்தாள். அவர் தனியாகவா இருப்பார், ரூமில் கூட ஆள் இருப்பாரே, முதலில் அவரிடம் சொல்லிப் பக்கத்தில் உட்கார வைக்கலாமே என்றாள். அதன்மேல் செல்வம் ஒன்று சொன்னான், அதை சபுரா கொஞ்சம் திருத்தினாள். எதை எந்த அணி சொன்னது என்று எனக்கே குழம்பிவிட்டது. கோகோவில் ஒருத்தியை ஒருத்தி தட்டிக்கொண்டே ஓடுகிற மாதிரி இரண்டு மேஜையும் ஓடிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு ஆவலோடு கேட்டேன். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

கப்பு அரியலூருக்குப் போனது. சபுரா சொந்த அணியையே கேள்வி கேட்டது அழகு என்றும், ஆனால் முதலில் பேசியவர் தன் அணிக்கு இடமே கொடுக்கவில்லை என்றும் வக்கீலம்மா சொன்னார். முதலில் பேசியவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். வயிற்றெரிச்சலில் அன்றைக்குக் கொடுத்த கேசரியை நான் தொடவில்லை.

வெளியே வந்தால், சபுராவின் அம்மா செல்வத்தை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார்.

"உங்கம்மா நெசமாவே மைன்ஸுக்குள்ளயே போனாங்களா தம்பி?"

"ஆமாங்க. வாட்ச்மேன் விடலன்னு சண்ட போட்டுட்டுப் போனாங்க."

அந்த அம்மா துப்பட்டியை இழுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர்.

பேசிக்கிட்டே இரு

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் அவர்களோடு பூத்துக்குப் போனேன். என்னைப் போகச் சொன்னவர் யாருமில்லை, எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. சபுரா முன்னாடியே அத்தாவோடு ஒரே ரூமில் தங்கியிருக்கும் ரூம்காரருக்கு போன் போட்டுச் சொல்லி வைத்திருந்தாள், பேசும்போது பக்கத்தில் இருங்கள் என்று.

மணி அடித்தது. அம்மாவே எடுத்தார்.

"நான்தாங்க பேசறேன். என் குரலு கேக்குதா? நல்லாக் கேட்டுக்குங்க, நான் உசுரோட இருக்கேன், நின்னுக்கிட்டுப் பேசறேன். எனக்கு வயித்துல கட்டி. ஆபரேஷன் பண்ணணும்ங்கறாங்க. என்ன கட்டின்னு எடுத்தாத்தான் தெரியுமாம். அவ்வளவுதான். இதுக்கு மேல எதையும் நான் மறைக்கல."

அம்மா போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஹலோ? கேக்குதா? ... என்னத்தப் பேசறது? ... சரி, சரி, அழுவாதீங்க, பேசறேன்."

எங்களைப் பார்த்து, "பேசிக்கிட்டே இருங்கறாங்க" என்றார். பிறகு என்ன பேசுவதென்று தெரியாமல், அன்றைக்கு வைத்த கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றிப் பேசினார். பக்கத்து வீட்டு ஆடு மல்லிச்செடியை மேய்ந்ததைச் சொன்னார். சபுரா தோற்றுவிட்டுக் கப்பு வாங்காமல் வந்ததைச் சொன்னார். நான் கேசரி தின்னாததைக்கூடச் சொன்னார்.

கடைசியில் அத்தா ஏதோ கேட்டார். அம்மா சபுராவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஆபரேஷன் முடிஞ்சதும் நானே பேசறேன். என்னால முடியலன்னா சபுரா பேசுவா. என்ன ஆனாலும் சரி, எப்ப ஆனாலும் சரி. உள்ளத உள்ளபடி சொல்லுவா. சீரியஸ்னு சொல்ல மாட்டா."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கெட்ட கட்டி இல்லை. அம்மாவே பேசினார். சபுராவுக்கு அந்த வேலை அப்போது வரவில்லை.

அந்த வேலை வந்த நாள்

சில வருஷம் கழித்து வந்தது. எங்கள் மாவட்டம் அதற்குள் இரண்டாகப் பிரிந்து, ஒன்றாகச் சேர்ந்து, மறுபடியும் பிரிவதாகப் பேச்சு. ஆளாளுக்குக் கையில் செல்போன். திருமணமாகி நான் பெரம்பலூரிலேயே இருந்தேன். அத்தா கடைசி ஒப்பந்தம் என்று சவூதியிலேயே இருந்தார்.

ஒருநாள் காலையில் சபுரா கூப்பிட்டாள். "தேனு, அம்மா மவுத்தாயிட்டாங்க. நெஞ்சுவலி. வரியா?" என்றாள். அவ்வளவுதான்.

நான் போனபோது வீடு நிறைந்து கிடந்தது. அத்தாவுக்கு இன்னும் சொல்லவில்லை. பெரியவர்கள் சபுராவைச் சுற்றி நின்றார்கள்.

"சீரியஸ்னு சொல்லும்மா. மனுஷன் ஃபிளைட் ஏறட்டும். அங்கயே இடிஞ்சு விழுந்துட்டா யாரு பாத்துக்குவா?"

"இன்னைக்கே சாயங்காலம், அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்" என்றாள் சபுரா. "எப்படிப் பறந்தாலும் அத்தாவால முகத்தப் பாக்க முடியாது. இருக்காங்கன்னு நம்பி ஓடி வந்து எதப் பாப்பாங்க?"

"அப்புறம் உன் இஷ்டம்" என்று ஒருவர் விலகினார்.

அவள் முதலில் அத்தாவின் ரூம்காரரைக் கூப்பிட்டாள். பக்கத்தில் போய் உட்காரச் சொன்னாள். பிறகு அத்தாவின் நம்பரை எடுத்தாள். பட்டனை அழுத்தவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நான் பின்னால்தான் நின்றிருந்தேன். அவள் முதுகில் கை வைத்து மெதுவாகத் தட்டினேன்.

அழுத்தினாள்.

"அத்தா."

"என்னம்மா இந்நேரத்துல? அம்மாவுக்கு முடியலையா?" குரல் எனக்கே கேட்டது.

"அம்மா மவுத்தாயிட்டாங்கத்தா. காலைல. நெஞ்சுவலி. கொஞ்ச நேரம்தான் இருந்துச்சு. நான் பக்கத்துல இருந்தேன்."

வீட்டில் அத்தனை பேரும் சபுராவையே பார்த்தார்கள். பிறகு அந்த மனுஷர் உடைந்த குரலில் ஒன்றே ஒன்று சொன்னார்.

"பேசிக்கிட்டே இரும்மா."

சபுரா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முந்தின நாள் அம்மா என்ன குழம்பு வைத்தார் என்பதிலிருந்து ஆரம்பித்தாள்.